மேலாளர் குனிந்தார், எனக்குத் தூக்கம் போனது

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 29. ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு ஜப்பானிய கம்பெனியில், குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறேன். மூன்று மாதம் முன்பு ஒரு நைட் ஷிப்டில் இன்னொருவர் லீவு. இரண்டு லைனையும் நான் ஒருவனே பார்த்தேன். மணிக்கு ஒரு தடவை பீஸை எடுத்து, துளையின் விட்டத்தை அளந்து செக் ஷீட்டில் எழுத வேண்டும். விடியற்காலை கடைசி இரண்டு மணி நேரம் அளக்காமலே, முந்தைய ரீடிங்குகளைப் பார்த்து ஒன்றிரண்டு புள்ளி மாற்றி எழுதிவிட்டேன். அன்று பார்த்து துளையிடும் டூல் தேய்ந்திருக்கிறது. துளை சிறுத்த பீஸ்கள் கஸ்டமரிடம் போய், துளையில் செருகும் பின் நுழையாமல் அவர்கள் லைனே நின்றது.

எங்கள் ஜப்பானிய ஜி.எம். கஸ்டமர் பிளான்ட்டுக்குப் போய், அத்தனை பேர் முன்னால் இடுப்பை வளைத்துக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். நானும் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். திரும்பும்போது காரில் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'சாப்பிட்டாயா?' என்று மட்டும் கேட்டார். ரிப்போர்ட்டில் டூல் மாற்றும் இடைவெளி சரியில்லை, அளக்கும் இடைவெளியும் போதாது என்று எழுதி, ஒரு மணி நேரத்தை அரை மணி நேரம் ஆக்கினார்கள். நான் அளக்காதது யாருக்கும் தெரியாது.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். 'யாருக்கும் தெரியாதில்ல, விடுங்க' என்கிறாள். கூட வேலை செய்பவர், 'ஜப்பான்காரன் குனியிறது நாம வணக்கம் வைக்கிற மாதிரி, பெரிசா எடுத்துக்காத' என்கிறார். ஜப்பான், இந்தியா எல்லாம் வெட்கப் பண்பாடு, மேல்நாடுகள் குற்ற உணர்ச்சிப் பண்பாடு, வெட்கப் பண்பாட்டில் ஊருக்குத் தெரியாத தவறு உறுத்தாது என்று இணையத்தில் படித்தேன். அப்படியானால் எனக்கு ஏன் உறுத்துகிறது? நான் ஒரு ஃபிராடு. ஜி.எம். எதிரே வந்தால் வேறு பக்கம் போய்விடுகிறேன். ராத்திரி தூக்கம் இல்லை. சில நாள் பேசாமல் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது. சொல்லிவிடலாமா, வேண்டாமா?

பெயர் வேண்டாம், ஒரகடம்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

சொல்லிவிடுங்கள். யாரிடம், எப்படி என்பதைப் பின்னால் விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, 'போய்ச் சேர்ந்துவிடலாம்' என்று, அதைப் பேசிவிட வேண்டும். அந்த எண்ணம் வந்து போகிறதா, வந்து உட்கார்ந்துகொள்கிறதா? எப்படிச் செய்வது என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருந்தால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு 14416-ஐ அழையுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு உதவி எண். நள்ளிரவானாலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-ம் இருக்கிறது. மனைவியிடமும் இதை மறைக்காதீர்கள். துளை விஷயத்தைச் சொன்னவர் இதையும் சொல்லலாம்.

மானம் போனால் உயிரை விடுவது பெரிய குணம் என்று நமக்குச் சின்ன வயதிலேயே ஊட்டிவிட்டார்கள். தவறான தீர்ப்பு சொன்னோம் என்று தெரிந்த கணத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையிலேயே உயிர்விட்டான். படிக்கும்போது இன்றைக்கும் சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் அவன் செத்ததால் கோவலன் திரும்பி வரவில்லை, மதுரையும் தப்பவில்லை. அவன் உயிரோடு இருந்து அந்தப் பொற்கொல்லனைக் கூப்பிட்டு விசாரித்திருந்தால் ஊருக்காவது உபயோகமாக இருந்திருக்கும் என்பது என் கட்சி. தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

சரி, இணையத்தில் நீங்கள் படித்த விஷயத்துக்கு வருவோம். அதன் மூலம் ரூத் பெனடிக்ட் என்ற அமெரிக்க மானுடவியலாளர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில், எதிரி நாடான ஜப்பானைப் புரிந்துகொள்ள அமெரிக்க அரசு அவரை வேலைக்கு வைத்தது. அவர் ஜப்பானுக்குப் போனதே கிடையாது. போர் நடக்கும்போது எப்படிப் போவது? அமெரிக்காவில் இருந்த ஜப்பானியர்களிடம் பேசினார், புத்தகங்களையும் படங்களையும் பார்த்தார். 1946-இல் தன் முடிவுகளைப் புத்தகமாக்கினார். வெட்கப் பண்பாட்டில் வெளியார் பார்வைதான் ஆளை நேராக நடத்துகிறது, குற்ற உணர்ச்சிப் பண்பாட்டில் உள்ளே இருக்கும் மனசாட்சி நடத்துகிறது என்பது அதில் வரும் பிரிவினை. ஒரு நாட்டையே ஒரே வரியில் அடக்குவதால், எண்பது வருஷம் ஆகியும் மேலாண்மை வகுப்புகளில் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. கம்பெனியில் 'ஜப்பானியரோடு வேலை செய்வது எப்படி' என்று ஒரு நாள் பயிற்சி வைத்தால் அதன் இரண்டாவது ஸ்லைடே இதுவாகத்தான் இருக்கும்.

ஜப்பானியர்களே இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பது அந்த ஸ்லைடில் வராது. சகுதா கெய்இச்சி என்ற சமூகவியலாளர் 1967-இல் இதை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். நாலு பேர் முன்னால் வரும் வெட்கத்தை மட்டும்தான் பெனடிக்ட் பார்த்தார், ஆள் தனியாக இருக்கும்போது தான் எப்படி இருக்க நினைத்தோமோ அந்த உருவத்துக்கு முன்னால் வரும் வெட்கத்தைக் கவனிக்கவில்லை என்பது அவர் வாதம். தோய் தக்கேஓ என்ற மனநல மருத்துவர் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். ஜப்பானியருக்குக் குற்ற உணர்ச்சி நன்றாகவே உண்டு, தான் சேர்ந்த கூட்டத்துக்குத் துரோகம் செய்துவிட்டோமோ என்ற இடத்தில் அது மிகக் கூர்மையாக எழும் என்றார் அவர். உங்கள் கடிதத்தை அவர் படித்திருந்தால், இந்த ஒரகடத்துப் பையன் எங்கள் ஊர்க்காரன் மாதிரியே இருக்கிறானே என்றிருப்பார்.

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 'தன்நெஞ்சே தன்னைச் சுடும்' என்று வள்ளுவர் சொன்னது யாருக்கும் தெரியாத பொய்யைப் பற்றித்தான். அதே மனிதர்தான் பழிக்கு நாணுவதைப் பற்றி ஒரு தனி அதிகாரமும் எழுதினார். இரண்டும் ஒரே நூலில், ஒரே நெஞ்சுக்குச் சொல்லப்பட்டவை. ஆக, 'நம்முடையது வெட்கப் பண்பாடு, யாருக்கும் தெரியாவிட்டால் உறுத்தக் கூடாதே' என்று நீங்கள் குழம்பவே வேண்டியதில்லை. உறுத்துவது நம் ஊர் வழக்கம்தான்.

அப்படியானால் நாட்டுக்கு நாடு வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. ஆனால் பலரும் தேடும் இடத்தில் இல்லை. உணர்ச்சி வந்து விழும்போது உடம்பு செய்வது ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலும் பாராலிம்பிக்கிலும் ஜூடோ வீரர்கள் தோற்ற கணத்தில் எடுத்த புகைப்படங்களை ஜெசிகா டிரேசி, டேவிட் மாட்சுமோட்டோ என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். பிறவியிலேயே பார்வையில்லாதவர்கள், அதாவது தோற்றவன் எப்படி நிற்பான் என்று வாழ்நாளில் பார்த்தே இராதவர்கள்கூட, தோளைத் தொங்கவிட்டு நெஞ்சைக் குறுக்கிக்கொண்டார்கள். சுவாரஸ்யம் என்னவென்றால், இது குறைவாகத் தெரிந்தது பார்வையுள்ள மேல்நாட்டு வீரர்களிடம்தான். அவர்களுக்கு வெட்கம் வரவில்லை என்றில்லை. தோல்வியை முகத்தில் காட்டாதே என்று அவர்கள் ஊர் பழக்கியிருக்கிறது.

வித்தியாசம் இருப்பது அடுத்த அடியில். அந்த உணர்ச்சியை வைத்துக்கொண்டு நீ என்ன செய்யலாம் என்று உன் ஊர் சொல்லித் தந்திருக்கிறது? நெதர்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் விற்பனைப் பிரதிநிதிகளைப் பற்றி 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. வாடிக்கையாளர் முன்னால் அவமானப்பட்டால் இரண்டு நாட்டுக்காரருக்கும் வலித்தது. டச்சுக்காரர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒதுங்கினார்கள், பேச்சைக் குறைத்தார்கள், வேலையும் சரிந்தது. பிலிப்பைன்ஸ்காரர்களோ அதே வலியோடு உறவைச் சீர்செய்யப் போனார்கள். வாடிக்கையாளரிடம் கூடுதல் மரியாதை காட்டினார்கள், சக ஊழியர்களுக்கு ஓடி ஓடி உதவினார்கள். ஒரே வெட்கம்தான். ஒரு கூட்டத்தை அது வீட்டுக்குள் தள்ளியது, இன்னொன்றை வாசலுக்குத் தள்ளியது. ஜி.எம். எதிரே வந்தால் நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? இப்போதைக்கு நீங்கள் டச்சுக்காரர்.

இனி அந்தக் குனிதலைப் பேசலாம். உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. ஜப்பானில் குனிவது அன்றாடம்தான். காலை வணக்கத்துக்கும் குனிவார்கள், போனில் பேசும்போதுகூடக் குனிவார்கள். 2017-இல் தோக்கியோ பக்கம் ஒரு ரயில் 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது என்று ரயில் கம்பெனியே பொது மன்னிப்பு கேட்டது. செங்கல்பட்டு பாஸ்ட் லோக்கலுக்கு நின்று பழகிய நமக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் குனிவதிலும் அளவு உண்டு. போகிற போக்கில் தலையைச் சாய்ப்பது வேறு, இடுப்பை 45 பாகைக்கு வளைத்து அப்படியே நிற்பது வேறு. நீங்கள் பார்த்தது இரண்டாவது. அதை வணக்கம் என்று சொல்லி ஒதுக்க முடியாது.

அதில் அவர் செய்தது என்ன? 'இந்தத் தவறு எனக்குக் கீழே நடந்தது, ஆகவே என்னுடையது' என்று உடம்பால் கையெழுத்துப் போட்டார். 1997-இல் யமாய்ச்சி என்ற பெரிய பங்குத் தரகு நிறுவனம் சரிந்தபோது, அதன் தலைவர் நொசாவா ஷோஹெய் பத்திரிகையாளர்கள் முன்னால் குரல் உடைந்து அழுதார். தப்பு எங்களுடையது, ஊழியர்கள் மேல் தப்பில்லை என்று சொல்லித்தான் அழுதார். நிறுவனம் பல வருஷமாக நஷ்டத்தை மறைத்து வந்த காலத்தில் அவர் தலைவராகவே இல்லை, சரிவதற்குச் சில மாதம் முன்புதான் அந்த நாற்காலிக்கு வந்திருந்தார். ஜப்பானில் ஒரு தலைமுறைக்கே அந்தக் காட்சி நினைவிருக்கிறது. நேரடித் தவறு யாருடையது என்ற கணக்கு ஒரு பக்கம், யார் தலை குனிவது என்ற கணக்கு இன்னொரு பக்கம் என்று அங்கே இரண்டு பேரேடு.

இதை ஜப்பானிய அதிசயம் என்றும் நினைக்க வேண்டாம். 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்து நடந்தபோது ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். தண்டவாளத்தை அவரா பெயர்த்தார்? ஆனால் அமெரிக்காவில் இதே மாதிரி குனிந்தால் வக்கீல் ஓடி வந்து தடுப்பார், மன்னிப்புக் கேட்டது கோர்ட்டில் உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்று. ஒருவர் வருத்தம் தெரிவித்ததை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று 1986-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சட்டமே போட வேண்டி வந்தது. பிறகு மற்ற பல மாநிலங்களும் போட்டன. வருத்தப்படக்கூடச் சட்டப் பாதுகாப்பு வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

ஆக, உங்கள் ஜி.எம்.முக்கு வெட்கம் வந்தது, அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, செய்தார், முடித்தார். அன்று ராத்திரி அவர் தூங்கியிருப்பார். நீங்கள் தூங்கவில்லை. குனிவதற்கு உங்களுக்கு இடமே கிடைக்கவில்லை. ரிப்போர்ட்டில் உங்கள் பெயர் இல்லை, திட்டு இல்லை, மெமோ இல்லை. ஒரு சாப்பாட்டு விசாரிப்பு மட்டும்.

அந்த 'சாப்பிட்டாயா' உங்களைத் திட்டைவிட அதிகம் வதைத்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் வேறு யாருடைய பேச்சையும் கருத்தாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், இதை மட்டும் காட்சியாக எழுதியிருக்கிறீர்கள். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1932-இல் கோசாவா ஹெய்சாக்கு என்ற ஜப்பானிய மருத்துவர் வியன்னாவுக்குப் போய், உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃபிராய்டைச் சந்தித்தார். கையில் ஒரு கட்டுரை. குற்ற உணர்ச்சியில் இரண்டு வகை உண்டு என்பது அதன் சாரம். ஒன்று தண்டனைக்குப் பயந்து வருவது. ஃபிராய்டு பேசியது இதை. இன்னொன்று, மன்னிக்கப்பட்டதால் வருவது. இதை விளக்க கோசாவா எடுத்துக்கொண்டது நம் நாட்டுக் கதையை. மகத மன்னன் அஜாதசத்ரு தன் தந்தை பிம்பிசாரனைச் சிறையில் அடைத்துச் சாகவிட்டவன், தாயையும் கொல்லத் துணிந்தவன். கோசாவா வழியில் வந்த வடிவத்தில், செய்ததை நினைத்து நினைத்து அவன் உடம்பெல்லாம் புண்ணாகி நாற்றமெடுக்கிறது. யாரும் கிட்டே வரவில்லை. எந்தத் தாயைக் கொல்லப் போனானோ அவளே வந்து உட்கார்ந்து புண்ணைத் துடைக்கிறாள். அங்கேதான் அவன் உடைகிறான். அதுவரை அவனுக்கு இருந்தது பயம். அதற்கப்புறம் வந்தது வருத்தம்.

ஃபிராய்டு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கோ இது ஆலோசனை அறையில் அடிக்கடி கண்ணில் படுகிறது. அப்பா அடித்திருந்தால் மறந்திருப்பேன், காலேஜ் ஃபீஸ் கட்ட நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அம்மா ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை என்பார்கள். உங்களுக்கு வந்திருப்பது இந்த இரண்டாவது வகை. இது நோய் கிடையாது. உங்களுக்காக ஒருவர் பட்டதை நீங்கள் பார்த்தீர்கள், பார்த்தது உள்ளே இறங்கியிருக்கிறது. ஆனால் அஜாதசத்ருவுக்கும் உங்களுக்கும் ஒரு வித்தியாசம். அவன் செய்தது அவன் தாய்க்குத் தெரியும், தெரிந்துதான் மன்னித்தாள். உங்கள் ஜி.எம். எதை மன்னித்தோம் என்றே தெரியாமல் மன்னித்திருக்கிறார். அந்த மன்னிப்பு உங்களிடம் வந்து சேராததற்கு அதுதான் காரணம். தேய்ந்த டூலை மன்னித்தார். அளக்காத கையை அவர் இன்னும் பார்க்கவே இல்லை.

கடிதத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. நடந்ததை எழுதும்போது தெளிவாக இருக்கிறீர்கள்: எத்தனை மணி நேரம், எப்படி எழுதினேன், என்ன ஆயிற்று. அப்புறம் திடீரென்று 'நான் ஒரு ஃபிராடு'. செயலைப் பற்றிய வருத்தம், ஆளைப் பற்றிய தீர்ப்பாக மாறுவது அந்த இடத்தில்தான். ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற உளவியலாளர் 1971-இல் இந்தக் கோட்டைப் போட்டுக் காட்டினார். 'இப்படிச் செய்துவிட்டேன்' என்பதில் மையம் செயல். 'இப்படிப்பட்டவனாக இருக்கிறேன்' என்பதில் மையம் நான். முதலாவது ஆளைச் சரிசெய்யப் போக வைக்கும், இரண்டாவது ஒளிய வைக்கும் என்று அவர் வழியில் வந்த அமெரிக்க ஆய்வுகள் நிறையச் சொல்கின்றன. வெட்கம் என்றாலே கெட்டது என்று அவர்கள் முடிவுகட்டுவதில் மட்டும் எனக்கு முழு உடன்பாடில்லை. ஒடிசாவில் காளி நாக்கை நீட்டிக்கொண்டிருப்பது ஏன் என்று புவனேஸ்வரத்து மக்களிடம் ஆய்வாளர்கள் கேட்டபோது, வெறியில் சிவன் மேலேயே காலை வைத்துவிட்டாள், சட்டென்று வெட்கி நாக்கைக் கடித்துக்கொண்டாள், உலகம் தப்பியது என்றார்கள். அங்கே வெட்கம் ஒரு பிரேக். நாமும் வாய் தவறினால் நாக்கைக் கடித்துக்கொள்கிறவர்கள்தானே. ஆக, உங்கள் வெட்கத்தைத் துரத்த வேண்டாம். 'ஃபிராடு' என்ற பட்டத்தை மட்டும் கழற்றி வையுங்கள். அசல் ஃபிராடு இப்படித் தூக்கம் கெட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்.

'யாருக்கும் தெரியாதில்ல, விடுங்க' என்ற உங்கள் மனைவியின் பேச்சுக்குப் பின்னால் இருப்பது வீட்டுக் கடனும் வாடகையும் பற்றிய பயமாக இருக்கலாம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விட்டுவிட முடியாத ஒரு காரணம் உங்கள் மனசுக்கு வெளியிலேயே இருக்கிறது. அளக்கும் இடைவெளியை அரை மணி நேரமாக்கிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு லைனைப் பார்க்கும் ஒற்றை ஆளால் மணிக்கு ஒரு தடவையே அளக்க முடியவில்லை. இனி அரை மணிக்கு ஒரு தடவை என்றால் என்ன நடக்கும்? இப்போது இன்னொரு தம்பி, இன்னொரு விடியற்காலையில், முந்தைய ரீடிங்கைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறான். உங்கள் மௌனத்தின் மேல் நின்றுகொண்டு கம்பெனி தப்பான மருந்தைச் சாப்பிடுகிறது. அடுத்த தடவை லைன் நிற்பதோடு போகும் என்று யார் சொல்ல முடியும்?

சரி, எப்படிச் சொல்வது. நேரே ஜி.எம். அறைக்குப் போய்க் காலில் விழ வேண்டாம். உங்கள் நேர் மேலாளரைத் தாண்டிப் போனால் அவருக்குத் தலைகுனிவு, அது புதுப் பிரச்சினை. ஜப்பானிய அலுவலகத்திலும் சரி, நம்மிடமும் சரி, படியைத் தாண்டினால் பிடிக்காது. செக்‌ஷன் ஹெட்டிடம் தனியாக உட்கார்ந்து சொல்லுங்கள். அவர் 'மூடியதைக் கிளறாதே' என்று சொல்ல வாய்ப்பு அதிகம். அவர் கையெழுத்தும் அந்த ரிப்போர்ட்டில் இருக்குமே. அப்போது, 'சார், இது வெளியே வந்துதான் ஆகும், உங்கள் மூலமாக வந்தால் நல்லது, நாம் இரண்டு பேரும் சேர்ந்தே ஜி.எம்.மிடம் போவோம்' என்று சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால், 'நான் போகிறேன் சார், உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

சொல்லும்போது வரிசை முக்கியம். நம் பழக்கம், சூழ்நிலையிலிருந்து தொடங்குவது. அன்றைக்கு ஒருத்தர் லீவு சார், இரண்டு லைன் சார், அதனால்தான் சார் என்று. உண்மையாகவே இருந்தாலும் ஜப்பானியர் காதில் அது முதலில் வந்தால் சாக்கு. செய்ததை முதலில் சொல்லுங்கள்: இந்தத் தேதி, இந்த இரண்டு மணி நேரம், நான் அளக்கவில்லை, எண்களை நானாக எழுதினேன். அப்புறம் மன்னிப்பு, ஒரே வாக்கியத்தில். அதற்கப்புறம் நிறுத்துங்கள். அவர் மௌனமாக இருப்பார். அந்த மௌனத்தை நிரப்ப வேண்டாம், நமக்கு அது கஷ்டம்தான். ஏன் என்று அவர் கேட்பார். உங்கள் தொழிலே ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்பது அல்லவா. லீவு, இரண்டு லைன் எல்லாம் அப்போது வரட்டும். அங்கே அது தகவலாகிவிடும்.

ஹன்செய், அதாவது செய்ததைத் திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்வது, என்ற சொல் உங்கள் ஷாப் ஃப்ளோரில் காதில் விழுந்திருக்கும். ஜப்பானில் பள்ளிக்கூடத்திலேயே இது ஆரம்பம். விளையாட்டு விழா நன்றாகவே நடந்து முடிந்தாலும், எது குறைந்தது, அடுத்த தடவை என்ன செய்வோம் என்று பிள்ளைகள் உட்கார்ந்து பேசுவார்கள். பெரியவர்களானதும் அதே பழக்கம் காகிதத்தில் தொடர்கிறது: என்ன செய்தேன், ஏன், இனி எப்படி நடக்காமல் பார்ப்பேன் என்று எழுதிக் கொடுப்பது. நீங்களும் ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அதில் 'நான் மோசமானவன்' என்று ஒரு வரிகூட வேண்டாம், அதை வைத்து அவர் எந்த அளவுக் கருவியையும் மாற்ற முடியாது. அளக்காமல் எண் எழுத முடியாதபடி என்ன செய்யலாம் என்று உங்களுக்குத் தெரிந்த யோசனையை எழுதுங்கள். அளவுக் கருவியிலிருந்து ரீடிங் நேரே கம்ப்யூட்டரில் பதிவாவதோ, இரண்டு லைனுக்கு ஒரு ஆள் என்றால் எந்தச் சோதனையை விடலாம் என்று முன்கூட்டியே தீர்மானிப்பதோ, அது உங்கள் துறை. கூட மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அந்தக் காகிதத்தை முன்னதாகவே அவரிடம் காட்டிவிடுங்கள், அறைக்குள் திணறக் கூடாது.

விளைவு இருக்கும். பதிவேட்டில் பொய் எண் எழுதுவது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம். மெமோ வரலாம், இன்கிரிமென்ட் நிற்கலாம், வேலை போகவும் வாய்ப்பு உண்டு. அப்படி ஒன்றும் ஆகாது என்று சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. ஆகவே போவதற்கு முன்னால் மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்: ஆறு மாதம் சமாளிக்கக் கையில் என்ன இருக்கிறது, எந்த இ.எம்.ஐ.யைத் தள்ள முடியும், வேறு எங்கே விண்ணப்பிக்கலாம். அவரைச் சம்மதிக்க வைக்கத் தத்துவம் பேசாதீர்கள். நோட்டை எடுத்து எண்களைக் காட்டுங்கள். பயத்துக்குக் கணக்குத்தான் பதில். ஊரில் அப்பா அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டுமா என்றால், வேண்டாம். அவர்களுக்கு இதில் செய்ய ஒன்றும் இல்லை, கவலைப்படுவதைத் தவிர.

நாளை மறுநாள் என்று தள்ளாதீர்கள், ஆனால் நைட் ஷிப்ட் முடிந்த காலையிலும் போகாதீர்கள். இரண்டு நாள் பகல் ஷிப்ட் பார்த்து, ஓரளவு தூங்கி எழுந்து போங்கள். சொல்லி முடித்த பிறகும் இரண்டு மூன்று வாரம் தூக்கம் வரவில்லை, பசியில்லை, அந்தப் பழைய எண்ணம் திரும்ப வருகிறது என்றால் அது மனசாட்சி வேலை அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டுப் போட்டுப் பார்க்கலாம். மூன்று மாதத் தூக்கமின்மையைச் சொன்னால் போதும், துளையின் விட்டத்தையெல்லாம் அங்கே விளக்க வேண்டியதில்லை.